திரைச்சேலைக்குப் பின்னால் ஒரு கட்டார்

மஹ்மூது வேலைக்காகக் கட்டார் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று எருக்கலம்பிட்டி ஊர் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. மனுசனோ தன் சொந்த வீட்டு அறைக்குள், ஜன்னலைச் சாத்திவிட்டு, இருமல் வந்தால் தலையணையில் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தான். மனைவி ஸீனத் காலையில் பாண் ரொட்டி வாங்கும்போதுகூட ஒருவருக்குப் போதுமானதையே வாங்கி, இரண்டாகப் பிய்த்து அவனுக்கும் கொடுத்தாள். கூடுதலாக வாங்கினால் பாண் வண்டிக்காரனின் வாய் சும்மா இருக்குமா?

வெளிநாடு போகிறவர்கள் வீடு வீடாகப் போய்க் கையைப் பிடித்து, "அறிஞ்சும் அறியாமலும் பிழை செய்திருந்தா மாப்புச் செய்யுங்கோ, எனக்காக துஆச் செய்யுங்கோ" என்று பயணம் சொல்வது அந்த ஊர் வழக்கம். மஹ்மூதும் ஒரு வீடு விடாமல் சொன்னான். சிலர் அழுதார்கள். நசீறா மாமி இனிப்பாக வட்டிலப்பமே அவித்துக் கொடுத்தாள். அத்தனையையும் வாங்கிக்கொண்டு போனவன் விமான நிலையத்தோடு திரும்பி வந்தால் எந்த முகத்தோடு தெருவில் நடப்பான்? இருட்டத் தொடங்கும் மம்மல் பொழுதில் பின்வாசலால் வந்து புகுந்தவன்தான், பிறகு வெளியே வரவில்லை.

வேலை தருவதாகச் சொல்லி ஏமாற்றியவன் அந்நியனாக இருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். அவன் பவ்ஸான். போரில் ஊரே இடம்பெயர்ந்து புத்தளத்தில் ஓலைக்கொட்டில்களில் கிடந்த காலத்தில், பெரிய சஹன் தட்டில் எதிரெதிரே இருந்து கைவைத்துச் சோறு தின்ற கூட்டாளி. "ஹோட்டல் வேலை மச்சான். நம்மட ஆள் எண்டபடியாத்தான் உனக்கு முதல்ல சொல்றன்" என்று அவன் வந்தபோது மஹ்மூது ஒன்றுமே கேட்கவில்லை. முகவர் அனுமதி இலக்கம் கேட்கவில்லை, ஆள் அனுப்பும் கந்தோர் எங்கே என்று கேட்கவில்லை. காசை ஏன் உன் சொந்தக் கணக்கில் போடச் சொல்கிறாய் என்றும் கேட்கவில்லை. கேட்டால் அந்தச் சஹனுக்கே துரோகம் என்று நினைத்தான், பாவி மனுசன்.

மீன்பிடிப் படகின் எஞ்சினை விற்றான். ஸீனத்தின் காப்பும் போனது. விமான நிலையத்தில் விசாத் தாளைப் பார்த்த பெண் அதிகாரி, இது போலி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அங்கேயே நின்று பவ்ஸானுக்குப் போன் எடுத்தான். ஒருதரம் மணி அடித்தது. அதன்பிறகு அந்த நம்பரே இல்லாமல் போய்விட்டது.

இன்று காலை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு றுஸ்தி, மஹ்மூதை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடுகிறவன். அவனும் கடலுக்குப் போகிறவன்தான், வீட்டில் கைக்குழந்தை.

"மதினி, காக்கா போன்ல கதைச்சாரா? வேலை எப்பிடியாம்?"

திரைச்சேலைக்குப் பின்னால் மஹ்மூது மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"ஓம்... கதைச்சவர். சுகமா இருக்கிறாராம்" என்றாள் ஸீனத், நிலத்தைப் பார்த்தபடி.

"அல்ஹம்துலில்லாஹ்! இது போதும் எனக்கு. பவ்ஸான் காக்கா புது நம்பரில இருந்து எடுத்தவர். 'மஹ்மூதை அனுப்பினது நான்தான், நம்பிக்கை இல்லாட்டி அவன்ட வீட்டிலயே போய்க் கேள்' எண்டார். என்ட எஞ்சினை வாங்கவும் ஆள் வந்து நிக்கிது மதினி. பின்னேரம் குடுத்திட்டுக் காசைப் போட்டுவிடப்போறன்."

மஹ்மூதுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பயணம் சொல்லிப் போனவன் வெட்கத்தில் வாய் திறக்கமாட்டான் என்பது இந்த ஊரில் பிறந்த பவ்ஸானுக்குத் தெரியாதா? தெரிந்துதானே றுஸ்தியை இங்கே அனுப்பியிருக்கிறான்! எஞ்சினைத் தின்றது போதாதென்று, இப்போது என் பெயரையும் வைத்தல்லவா அடுத்தவன் குடியைக் கெடுக்கிறான்!

திரைச்சேலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"யா அல்லாஹ்! காக்கா, நீங்க கட்டார்ல..."

"இதுதான்டா என்ட கட்டார்." மஹ்மூது இருட்டறையைக் காட்டினான். "விசா போலி. அவன் என்னைக் கவுத்துப்போட்டான். எஞ்சினை வித்துராத, றுஸ்தி."

றுஸ்தி கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தான். பிறகு அவன் நிமிர்ந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"தெரிஞ்சும் ஏன் காக்கா சொல்லேல்ல? மதினி, நீங்களும் என்ட முகத்துக்கு நேர பொய் சொன்னீங்களே. நான் வித்துப்போட்டு வந்து அழுதிருந்தாலும் உள்ளுக்கத்தான் இருந்திருப்பீங்களோ?"

ஸீனத் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். பவ்ஸான் செய்த துரோகத்தில் தானும் பாதியைச் சுமந்து நிற்பது அப்போதுதான் மஹ்மூதுக்குப் பிடிபட்டது.

"பிழைதான்டா" என்றான் கடைசியில். "வா, பொலிசுக்குப் போவம்."

இருவரும் பஸ் ஏறி மன்னாருக்குப் போனார்கள். வங்கியில் காசு போட்ட சிட்டை, போனில் கிடந்த பவ்ஸானின் குரல் பதிவுகள், றுஸ்தியிடம் இருந்த புது நம்பர் எல்லாவற்றையும் பொலிசில் கொடுத்தார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்குப் போன் எடுத்து விசாரித்தபோது, அப்படி ஒரு முகவருக்கு அனுமதியே இல்லை என்றார்கள். காசு திரும்பி வரும் என்று யாரும் சத்தியம் பண்ணவில்லை. ஆனால் முறைப்பாடு பதிவானது.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, மஹ்மூது பயணம் சொன்ன அதே வீடுகளுக்குத் திரும்பவும் நடந்தான். முதல் வீடு நசீறா மாமியுடையது. நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னான்.

"ஏமாந்ததை இப்பிடி ஊரெல்லாம் சொல்லித்திரிய உனக்கு வெக்கமா இல்லையா மகன்?"

"வெக்கம்தான் மாமி. ஆனா நான் வெக்கத்தில ஒளிச்சிருந்த நாளெல்லாம் அவன்ட யாவாரத்துக்கு நான்தான் விளம்பரம். ஏமாந்தவன் வாயைப் பொத்தினா அடுத்த வீட்டுக்காரனும் ஏமாறுவான். கூடப்பிறந்தவனே வேலை கொண்டுவந்தாலும் அனுமதி இலக்கத்தைக் கேளுங்கோ, பணியகத்தில விசாரியுங்கோ, பிறகு காசைப் பற்றிக் கதையுங்கோ. கேக்கிறதால ஒரு உறவும் அறுந்துபோகாது. அறுந்தா, அது உறவே இல்ல."

மாமி சட்டென்று வீட்டுக்குள் திரும்பி மகனைக் கூப்பிட்டாள்.

"றிபாத்! பவ்ஸானுக்கு அந்தப் பாஸ்போட்டைக் குடுத்தனுப்பாத. இஞ்ச எடுத்துக்கொண்டு வா. மஹ்மூது காக்கா வந்து நிக்கிறார்."