மடக்குக் கட்டில்

நான் டவர் கிரேன் ஓட்டுகிறேன். கட்டடம் கட்டுகிற இடத்தில் எல்லாருக்கும் மேலே, ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கம்பியும் சிமென்ட்டும் தூக்குவது என் வேலை. அந்த இருக்கைக்காக எத்தனை பேரிடம் மல்லுக்கு நின்றேன் என்பது எனக்குத்தான் தெரியும். அதனால் கம்பெனி டாக்டர், "எடை ஏறிட்டே போகுதும்மா. அடுத்த செக்கப்புலயும் இப்படியே இருந்தா கீழ ஸ்டோருக்கு மாத்திடுவாங்க" என்றதும் அன்றைக்கே எடையைக் குறைக்கக் கிளம்பிவிட்டேன்.

பட்டினி கிடந்தேன். பகல் முழுக்க வெறும் தண்ணீர், ராத்திரியானால் பிஸ்கட் டின். பகலில் விட்டதையெல்லாம் வட்டியோடு தின்று தீர்த்தேன். யார் வாயைத் திறந்தாலும் எரிந்து விழுந்தேன். கீழே நின்று சிக்னல் கொடுப்பவர் வாக்கி டாக்கியில் குட் மார்னிங் சொல்லவே பயந்தார்.

அப்போது என் கணவர் வேலை விஷயமாக ஒரு வாரம் வெளியூர் போனார். அந்த வாரம் படுத்ததும் தூங்கினேன். பிஸ்கட் ஞாபகமே வரவில்லை. சிக்னல்காரருடைய மொக்கை ஜோக்குக்குக்கூடச் சிரித்தேன். கணவர் திரும்பி வந்த அன்றைக்கே விஷயம் பிடிபட்டுவிட்டது. மனிதர் தங்கம்தான், ஆனால் அவருடைய குறட்டை இருக்கிறதே, லாரி மேடு ஏறுவது மாதிரி இருக்கும். அதில் முழித்துக்கொள்ளும்போதெல்லாம் எழுந்து போய் எதையாவது வாயில் போட்டிருக்கிறேன்.

"டாக்டரைப் பாருங்க" என்றேன்.

"நானா? நான் குறட்டையே விட மாட்டேனே."

மறுநாளே ஒரு மடக்குக் கட்டில் வாங்கி, துணி தேய்க்கிற சின்ன அறையில் போட்டேன்.

"என் மேல என்ன கோவம்?" என்று கணவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். கோபமெல்லாம் இல்லை, தூக்கம்தான் வேண்டும் என்று தலைகீழாக நின்று சொல்லியும் ஏறவில்லை. சனிக்கிழமை அவருடைய அக்கா, என் நாத்தனார், பஞ்சாயத்துப் பண்ணப் பெட்டியோடு வந்து இறங்கினார்.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். அதுக்காகத் தனி ரூமா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேர் வந்து என் கிரேன ஓட்டுவாங்களா அக்கா? மேல நான் கொஞ்சம் கண்ணசந்தா, கீழ நிக்கிறவங்க கதி என்ன?"

"நாங்கல்லாம் சகிச்சுக்கலயா?"

"சகிச்சுக்கிட்டீங்க. என்னால முடியாது."

அவரும் விடவில்லை. "நான் ஹால்லயே படுக்கிறேன். நீ எந்த ரூமுக்குப் போறேன்னு பாக்குறேன்" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சாத்திய கதவைத் திறக்கவில்லை.

காலையில் நாத்தனார் சமையலறையில் நின்றிருந்தார். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. கையில் பிஸ்கட் டின், அதன் அடியில் வெறும் தூள். குளித்துவிட்டு வந்த தம்பி, "நல்லாத் தூங்கினியாக்கா?" என்று கேட்டதும் அவருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"வாயத் திறக்காத. முதல்ல போய் டாக்டரப் பாரு."

என் கணவர் பாவமாக என்னைப் பார்த்தார். நான் டீயை ஆற்றுவதில் கவனமாக இருந்தேன். பஞ்சாயத்து அதோடு கலைந்தது.

அடுத்த செக்கப்பில் எடை கொஞ்சம்தான் குறைந்திருந்தது. "பரவாயில்லை, இறங்க ஆரம்பிச்சிருக்கு" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஏணியில் ஏறும்போது சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் நாத்தனார் போன் பண்ணினார். செக்கப் என்னாச்சு என்று விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த மடக்குக் கட்டில எங்க வாங்கின? நான் ஒழுங்காத் தூங்கி முப்பது வருஷமாச்சு."

"நீங்க அலைய வேணாம்க்கா. ஞாயித்துக்கிழமை நானே வாங்கித் தூக்கிட்டு வர்றேன்" என்றேன். "தூக்குறதுதானே என் வேலை."