தானாக ஓடும் கொங்கிறீற்

இறங்குதுறையின் புதுத் தூணுக்கு, கொங்கிறீற்றை அதிரவைத்து உள்ளே இறக்கும் வைபிரேற்றர் தேவையில்லை என்று கொழும்பிலிருந்து வந்த பணிப்பாளர் அறிவித்தார். தூணுக்குள் கம்பி நெருக்கம், விரல் நுழையாது. இந்தக் கொங்கிறீற்றோ சீனிப்பாணிபோல ஓடி, இண்டு இடுக்கெல்லாம் நிரப்பி, தானே இறுகுமாம். அடையாள அட்டை இல்லாமல் தானாக நடமாடக்கூடிய ஒன்று 2007இல் திருகோணமலைக்கு வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம், சின்னராசாவைத் தவிர.

அவன் வைபிரேற்றர் பிடிக்கிறவன். சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்தான். துறைமுக பாஸில் அவன் தொழில் அதுதான். வேலை போனால் பாஸ் போகும். பாஸ் போனால் முகாமே கதி.

“மஜீத் நானா, ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோவன்.”

“கதைச்சன்,” என்றார் ஓவசியர் அப்துல் மஜீத். “நான் பழைய காலத்திலயே நிக்கிறனாம். காலம் எங்க நம்மள நகர விட்டது?”

கொங்கிறீற் ஊற்றும் நாள் காலையில் பணிப்பாளர் கையெழுத்திட்டு பாஸை ரத்துச் செய்தார். சின்னராசா கேற்றுக்கு வெளியே பஸ்ஸுக்குக் குந்தியிருந்தான்.

ஊற்றுவதைப் பார்க்க அழைத்திருந்த விருந்தினருக்குப் பணிப்பாளர் விஞ்ஞானம் விளக்கினார். கொங்கிறீற் லொறி வரவில்லை. சோதனைச்சாவடியில், சுற்றுகிற உருளைக்குள் எப்படிப் பார்ப்பது என்று சிப்பாய் அதை நிறுத்தச் சொல்லியிருந்தான். ஆமிப் பெரியவர் வந்து பார்க்க வேண்டும். பெரியவர் சாப்பிடப் போயிருந்தார். ஒன்றரை மணி நேரம் உருளை அசையவில்லை. பிறகுதான் லொறி உள்ளே வந்தது.

“இறுகிட்டுது சேர், திருப்பி அனுப்புவம்,” என்றார் மஜீத்.

“இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊற்றுங்கள்!”

ஊற்றினார்கள். மேல்கம்பியிலேயே கட்டிப்பட்டு நின்றது. மஜீத் தூணின் அச்சுப் பலகையைத் தட்டினார். கீழே வெறுங்கூடு.

“வைபிரேற்றர் எங்கே?”

“கேற்றில சேர். பெற்றோல் மெசின் எண்டு ஆமிதான் பூட்டி வெச்சிருக்கு. பாஸ்காரன் சைன் வெச்சாத்தான் குடுப்பாங்க.”

பணிப்பாளர் வெயிலில் கேற்றுக்கு ஓடினார். காவலன் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான்.

“அவர் பாஸ் கென்சல். சைன் உங்கட சேர். புது பாஸ் மூணு நாள்.”

சின்னராசா எழுந்து நின்று, பிறகு மறுபடி குந்தினான். அதற்குள் கொங்கிறீற் தானே இறுகும் என்ற வாக்கை மட்டும் காப்பாற்றியிருந்தது.

நான்காம் நாள் புதுப் பாஸ் வந்தது. தொழில்: கொங்கிறீற் உடைப்பவர்.

“எத்தினை நாள் வேலை நானா?” சம்மட்டியைத் தூக்கினான் சின்னராசா.

“நல்ல சாமான். ரெண்டு மாசம் போகும்,” என்றார் மஜீத். “மெல்லமா அடி.”