இடது பக்கப் புல்மேடு

யாதியெலை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று எனக்குச் சொன்னவர் பக்கத்து இருக்கைக்காரர் ஓர்வில்தான். ஞாயிற்றுக்கிழமை மதிய பேஸ்பால் ஆட்டம். தேவாலயத்திலிருந்து நேரே மைதானத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில், யாதியெல் வழக்கமாக நிற்கும் இடத்தில், செம்பட்டை முடியோடு வேறொருவன் நின்றுகொண்டிருந்தான்.

"உன் பையனைக் காணோமேன்னு பாக்குறியா, வெர்னா?" என்றார் ஓர்வில். "காலைல கூப்பிட்டு அனுப்பிட்டாங்களாம். கேட்ல நிக்கிற பொண்ணு சொன்னா."

"எங்க அனுப்பினாங்க? மேல் அணிக்கா?"

"மேலயும் இல்ல, கீழயும் இல்ல. வீட்டுக்கு." அவர் கையிலிருந்த வேர்க்கடலையை உடைக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். "உனக்குச் சொல்லியிருப்பான்னுல நெனச்சேன்."

யாரும் சொல்லவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை.

எங்கள் ஊர் அணி சின்ன அணி. பெரிய அணிக்குப் போய்விடலாம் என்ற நம்பிக்கையில் எங்கெங்கிருந்தோ பையன்கள் வருவார்கள். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு அறை கொடுத்துத் தங்க வைத்துக்கொள்வோம். என் கணவர் கீத் இன்னொருத்தியோடு அரிசோனாவுக்குப் போனபிறகு எனக்கு மூன்று அறைகள் மிஞ்சின. மகள் சியாட்டிலில் இருக்கிறாள், பண்டிகைக்குப் பேசுவாள். இந்த வருடம் ஏப்ரலில் யாதியெல் வந்தான். டொமினிக்கன் நாட்டில் கரும்பு விளையும் ஏதோ ஓர் ஊர். எனக்கு ஸ்பானிஷ் வராது, அவனுக்கு ஆங்கிலம் அரைகுறை. அம்மணி என்பதற்கு அவர்கள் சொல்லும் சென்யோராதான் அவனுக்கு நான். வாழைக்காயை வட்ட வட்டமாக நசுக்கிப் பொரித்து என் தட்டில் வைப்பான். பிறகு இரண்டு தட்டையும் அவனே கழுவுவான். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். ஆனாலும் ஆட்டம் முடிந்து அவன் வந்து குளிர்பெட்டியைத் திறக்கும் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும்.

மூன்றாவது இன்னிங்ஸில், வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்று எழுந்தேன். நடைபாதை மைதானத்தைச் சுற்றி வளைந்து போகும். இடது பக்க வேலிக்குப் பின்னால் ஒரு புல்மேடு உண்டு. நாற்காலி கிடையாது, குடும்பம் குடும்பமாகப் போர்வை விரித்து உட்காருவார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, சாதாரண வெள்ளைச் சட்டையில், பக்கத்தில் பெரிய பையோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு யாதியெல் உட்கார்ந்திருந்தான்.

நானும் அவன் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் பையை நகர்த்தி இடம் விட்டான். அழுத முகம் இல்லை. ஆனால் காலையில் சவரம் செய்யும்போது கன்னத்தில் வெட்டிக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்கு வந்திருக்கலாம்ல?" என்றேன்.

"வந்தேன், சென்யோரா. பை கட்டினேன். ரூம் சுத்தம் பண்ணேன். அப்புறம் உக்காந்தேன்." சொற்களைத் தேடினான். "வீடு ரொம்ப அமைதி. என்னால முடியல. இங்க ஆட்டம் இருக்கு. வேற எங்க போவேன்?"

அந்த அமைதியில்தான் நான் வருடக்கணக்காக இருக்கிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை.

மேட்டிலிருந்து பார்த்தால் மிசிசிப்பி ஆறு அக்கரை வரை தெரிகிறது. வலது பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர், அதற்கு மேல் பாலம், பாலத்துக்கு அடியில் தானியம் ஏற்றிய படகுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மெதுவாக நகர்ந்தன.

"இவ்வளவு பெரிய ஆறு," என்றான். "தினம் வரேன். பந்தை மட்டும்தான் பாத்தேன்."

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. இன்னிக்கு ஞாயிறு. எல்லாரும் ஒண்ணா சாப்பிடுவாங்க. நாளைக்குச் சொல்றேன்."

அப்போது செம்பட்டை முடிக்காரன் உருண்டு வந்த பந்தைத் தவறவிட்டான். எங்களுக்குப் பின்னால் பியரோடு உட்கார்ந்திருந்த ஓர் ஆள், "அட போப்பா, இவனும் அந்தப் பழையவன் மாதிரிதானா? எங்கேருந்துதான் பொறுக்கிட்டு வராங்களோ," என்றான். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

நான் திரும்பினேன். யாதியெல் என் மணிக்கட்டைப் பிடித்தான். "விடுங்க. உண்மைதான். இந்த மாசம் நான் மோசம்."

"மோசமா இருந்தா என்ன? வாய்க்கு வந்ததப் பேசுறதா?"

"அவருக்கு நான் யாருன்னே தெரியாது," என்றான். அப்படிச் சொல்லிக்கொண்டே புதியவனின் கால்களைப் பார்த்தான். "அவன் பயப்படுறான். கால் பின்னால போகுது. எனக்கும் முதல் வாரம் அப்படித்தான்."

அடுத்த பந்திலேயே புதியவன் பக்கவாட்டில் பாய்ந்து, மண்ணில் விழுந்தபடியே பந்தை எறிந்து, ஓடியவனை அவுட்டாக்கினான். மேடு முழுக்க எழுந்து கைதட்டியது, பியர்க்காரனும்தான். யாதியெல் எழவில்லை. நானும் எழவில்லை.

இன்னிங்ஸ் முடிந்தபோதுதான் இடது பக்கம் நின்று பந்து பிடிக்கும் வில்மர் எங்களைக் கண்டான். அவனும் யாதியெலும் ஒரே ஊர். எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறான். வேலி ஓரம் வரை ஓடி வந்தவன் நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பயிற்சியாளர் மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டார். வில்மர் கையுறையை நெஞ்சில் ஒருமுறை வைத்துவிட்டுத் திரும்பி ஓடினான். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் அவனால் ஆட முடியாமல் போயிருக்கும்.

"ரூம் உன்னோடதுதான்," என்றேன். "சீசன் முடியற வரைக்கும் இரு. அப்புறமும் இரு. இங்க வேலை கிடைக்காமலா போகும்?"

அவன் பையின் வாரை இழுத்து இறுக்கினான். என் ஆங்கிலம் புரியவில்லையோ என்று நினைத்தேன்.

"இங்க இருந்தா தினம் சாயங்காலம் மைதானத்துல விளக்கு போடுறது தெரியும்," என்றான். "பாட்டு கேக்கும். முடியாது, சென்யோரா."

ஏழாவது இன்னிங்ஸில், பேஸ்பால் வழக்கப்படி எல்லோரும் எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தபோது அவன் தொலைபேசி அடித்தது. சிக்காகோவில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் அவன் மாமன் மகன் காரோடு மைதான வாசலில் வந்து நிற்கிறானாம். யாதியெல் பையைத் தோளில் போட்டான். அவர்கள் வழக்கப்படி குனிந்து என் கன்னத்தோடு கன்னம் வைத்தான்.

"சோறும் பீன்ஸும் செஞ்சு வச்சிருக்கேன்," என்றான். "சூடு பண்ணிச் சாப்பிடுங்க. உப்பு கம்மியாதான் போட்டேன், உங்களுக்காக."

வாசல் வரை வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினான். பாடுகிறவர்களின் நடுவே வழிவிடச் சொல்லிக் கேட்டுக் கேட்டுப் போனான். மேட்டின் உச்சியில் ஒருமுறை நின்றான். நின்று பார்த்தது என்னையல்ல, மைதானத்தை. பிறகு அந்தப் பக்கம் இறங்கிவிட்டான்.

நாங்கள் தோற்றோம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் சிறுபிள்ளைகளை உள்ளே விட்டு பேஸ்களைச் சுற்றி ஓட விடுவார்கள். அவர்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். பெற்றோர்கள் படம் பிடித்தார்கள். நான் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பையன்களுக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுக்கும் டார்லீன் என்னைத் தேடிக்கொண்டு மேடேறி வந்தாள்.

"வெர்னா, காலைலயே உனக்குப் போன் பண்ணியிருக்கணும். நேரமே கிடைக்கல. மன்னிச்சுக்கோ," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். "புதுப் பையன் லாட்ஜுல இருக்கான். உனக்குச் சரின்னா நாளைக்குக் கூட்டிட்டு வரேன். யோசிச்சுச் சொல்லு."

யோசிக்கிறேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். "கூட்டிட்டு வா," என்று வாயிலிருந்து வந்துவிட்டது. பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னாள். கார் நிறுத்துமிடத்துக்குப் போவதற்குள் அது மறந்துவிட்டது.

மைதானத்துக்கும் ஊருக்கும் நடுவே ஆற்றோரம் தண்டவாளம் ஓடுகிறது. அன்று சரக்கு ரயில் ஒன்று வந்து வழியை மறித்தது. எனக்கு முன்னால் நின்ற காரில் இரண்டு குழந்தைகள் பின்கண்ணாடியில் முகத்தை அழுத்தி எனக்கு வக்கணை காட்டின. நானும் பதிலுக்கு நாக்கை நீட்டினேன். அவை சிரித்துச் சிரித்துச் சோர்ந்து, திரும்பி உட்கார்ந்துகொண்டன. ரயில் போய்க்கொண்டே இருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினேன். ஆற்றுக் காற்று உள்ளே வந்தது. எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.