கட்டெறும்பின் மத்தியான ஆட்டம்

கல்லூரியில் எல்லோரும் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் வருகைப் பதிவோடு நின்றுபோயிற்று. கணினி விளையாட்டுகளைப் பற்றி மாணவர்கள் நடத்திய பத்திரிகைக்கு அவள்தான் பொறுப்பாசிரியர். போன இதழின் அட்டையில், ஒரு பெரிய விளையாட்டு நிறுவனத்தின் டிராகன் படத்தை யாரையும் கேட்காமல் எடுத்துப் போட்டுவிட்டார்கள். போட்டதோடு சும்மா இருந்திருக்கலாம். அட்டையை முன்கூட்டியே இணையத்தில் ஏற்றிப் பெருமையும் அடித்துக்கொண்டார்கள். அச்சகத்திலிருந்து கட்டுகள் வந்து இறங்கிய அன்றே நிறுவனத்தின் மின்னஞ்சலும் வந்து இறங்கியது. மரியாதையும் மிரட்டலும் சரிபாதி. வேறு வழியில்லாமல் அவள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பிரதியின் அட்டையையும் கத்திரிக்கோலால் வெட்டி எடுத்தாள். அந்த இதழ் மொட்டைத் தலையோடுதான் ஊர்வலம் போனது.

பத்திரிகையை மேற்பார்வை பார்த்த வணிகச் சட்ட ஆசிரியை அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை. வெட்டிய அட்டைக் குவியலைப் பார்த்துவிட்டு, "படம்னா அட்டையோட போச்சு. நாளைக்கு ஒரு ஆளோட பேரைக் கெடுத்து வெச்சீங்கன்னா எதை வெட்டுவே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அதற்கடுத்த இதழ் தயாராகிக்கொண்டிருந்தபோதுதான் அவசரம் அந்தக் கட்டுரையோடு வந்தான். அவன் பெயரும் அதுதான், குணமும் அதுதான். நூலகத்துக்குப் பின்னால், பழுதான மின்விசிறிகளைப் போட்டு வைத்திருந்த அறைதான் பத்திரிகை அலுவலகம். கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, ஒரு நாற்காலியை இழுத்து, அதில் உட்காராமலே பேச ஆரம்பித்தான்.

"கத்திரி, இந்தத் தடவை அட்டைக் கட்டுரை ரெடி. படிச்சா அசந்துடுவே."

தலைப்பே கொட்டை எழுத்தில் இருந்தது: 'கட்டெறும்பா, கள்ள எறும்பா?'

கட்டெறும்பு என்பது இரண்டாம் ஆண்டில் படித்த ஒரு பையனின் விளையாட்டுப் பெயர். ஐந்து பேர் கோட்டையைக் காக்க, ஐந்து பேர் அதைப் பிடிக்க வரும் ஓர் ஆட்டத்தில் கல்லூரியிலேயே அவனுக்குத்தான் முதல் ரேங்க். கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு, ரேங்க் வரிசைப்படி ஐந்து பேரைப் பொறுக்கியிருந்தார்கள். அதில் அவன் பெயர்தான் முதலில்.

"போன வாரம் ஒரு நாள் மத்தியானம் கணக்குப் பதிவியல் பரீட்சை. எனக்கு முன் பெஞ்சுல உக்காந்து பேனாவக் கடிச்சிட்டிருந்தான். என் கண்ணால பார்த்தேன்" என்றான் அவசரம். "அதே நேரத்துல அவன் அக்கவுண்ட்ல ரெண்டு மேட்ச் நடந்திருக்கு. ரெண்டுலயும் ஜெயிப்பு. ரெக்கார்டு எல்லாரும் பாக்கற மாதிரிதான் இருக்கு. காசு குடுத்து வேற யாரையோ ஆட வெச்சு ரேங்க் ஏத்தியிருக்கான்."

"காசு குடுத்ததைப் பார்த்தியா?"

"பின்ன, சும்மாவா ஆடுவாங்க?"

"அவன்கிட்ட கேட்டியா?"

"நல்லா இருக்கே! கேட்டா ஆமாம்னு சொல்லிடுவானா?"

கத்திரி கட்டுரையை இன்னொரு முறை படித்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தான். அதுதான் தொல்லை. படித்தவர்கள் அப்படியே நம்பிவிடுவார்கள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது.

"டேய், அந்த வரிசையில ஆறாவதா யாரு இருந்தா?"

அவசரம் ஜன்னல் பக்கம் பார்த்தான். வெளியே சைக்கிள் நிறுத்தத்தில் யாரோ பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அவன் போனா நீ உள்ள வருவே. இதுக்கு மேல சம்பந்தம் வேற வேணுமா? இதை நீ எழுதக்கூடாதுடா. நான் போய்க் கேட்டுட்டு வரேன்."

கட்டெறும்புக்குச் செய்தி அனுப்பினாள், பதில் இல்லை. பரீட்சை முடிந்து விடுமுறை விட்டிருந்தார்கள். அவனோடு படித்த ஒருத்தியிடம் முகவரி வாங்கிக்கொண்டு, மறுநாள் மத்தியானம் வெயிலோடு வெயிலாகக் கிளம்பினாள். மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்கக் கதவைத் தட்டினாள்.

திறந்தது அவன் அம்மா. மருந்துக்கடை வெள்ளைக் கோட்டு நாற்காலி முதுகில் தொங்கியது. அந்தம்மாள் கழுத்தில் ஹெட்செட் தொங்கியது.

"காலேஜ் பொண்ணா? வாம்மா, வா. கடைக்கு அனுப்பியிருக்கேன், இப்ப வந்துடுவான். ஃபேனுக்குக் கீழ உக்காரு. ஒரே நிமிஷம், கோட்டை வாசல்ல நாலு பேர் நிக்கிறானுங்க, அவனுங்கள முடிச்சிட்டு வந்துடறேன்."

சொல்லிவிட்டு மேசைக்கு ஓடி, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். கத்திரி மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். எதிரிகள் நான்கு பக்கமும் சூழ்ந்து வந்தார்கள். அந்தம்மாள் பதறவில்லை. சுவருக்குப் பின்னால் காத்திருந்து, ஒருவனைப் போகவிட்டு, மற்ற மூவரையும் வரிசையாகச் சாய்த்து, போனவனைக் கடைசியில் திரும்பி வந்து பிடித்தார். திரையின் மூலையில் பெயர் பளிச்சென்று தெரிந்தது. கட்டெறும்பு.

"போன வருஷம் கால் உடைஞ்சு படுத்திருந்தேன்மா" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அந்தம்மாள் பேசினார். "பொழுது போகலேன்னு இவன்தான் கத்துக்குடுத்தான். கால் சரியாயிடுச்சு, இது விடமாட்டேங்குது. காலையில கடை, சாயங்காலம் கடை. நடுவுல இந்த மத்தியானம் மட்டும் எனக்கு. இவன் ஆடினா ரேங்க் இறங்கும், நான் ஆடினா ஏறும். 'அம்மா, இன்னிக்கு நான் தொடமாட்டேன், நீயே ஆடு'ம்பான்."

சிரித்துக்கொண்டே சொன்னார். கத்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. யாரென்றே சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குள் உட்கார்ந்து, அவர் மனம்விட்டுப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோமே என்று உடம்பு கூசியது.

"ஆன்ட்டி, ஒரு நிமிஷம் நிறுத்துங்க. நான் அவனோட ஃப்ரெண்டு இல்ல. காலேஜ் பத்திரிகையிலருந்து வரேன். உள்ள வரும்போதே சொல்லியிருக்கணும், தப்பு என்மேல. இதுவரைக்கும் நீங்க சொன்னது எதையும் எழுத மாட்டேன்."

அந்தம்மாள் ஹெட்செட்டைக் கழற்றினார். "எழுதறதுக்கு இதுல என்ன இருக்கு?"

கத்திரி சொன்னாள். ரேங்க் வரிசை, தேர்வு, போட்டி எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அந்த முகம் மாறுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. மகன் அணியில் இருக்கிறான் என்பது அம்மாவுக்குத் தெரியும். எதை வைத்து எடுத்தார்கள் என்பது தெரியாது. கல்லூரியில் ஆட வைத்துப் பார்த்து எடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கட்டெறும்பு கையில் பையோடு வந்து சேர்ந்தான். இருவர் முகத்தையும் பார்த்தவுடன் அவனுக்குப் புரிந்துவிட்டது. பையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"என் ரேங்கை வெச்சா உன்னை எடுத்தாங்க?" என்று கேட்டார் அம்மா.

"நானும்தாம்மா ஆடினேன்."

"நீ எவ்வளவு ஆடினே, நான் எவ்வளவு ஆடினேன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும்."

அவன் கத்திரியிடம் திரும்பினான். "இங்க பாரு, நான் டீம்லருந்து விலகிடறேன். நீ எழுதாதே. அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு."

ஆசையாகத்தான் இருந்தது சரி என்று தலையாட்ட. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அப்படித் தலையாட்டினால், எழுதுவேன் என்று பயம்காட்டி ஒருவனை விலக வைத்ததாகிவிடும். கட்டுரை போட்டு அவமானப்படுத்துவதைவிட அது கேவலம் என்று தோன்றியது.

"நீ விலகறது உன் விஷயம். எதை எழுதறதுங்கறது எங்க விஷயம். ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போடாதே. நான் பேரம் பேச வரல. நீ காசு குடுத்து ஆள் வெச்சேன்னு ஒருத்தர் சொல்றார். அதுக்கு உன் பதில் என்னன்னு கேட்கத்தான் வந்தேன்."

"காசா? எங்க அம்மாவுக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும்?" என்று அவன் கத்தினான். பிறகு குரல் இறங்கி, "இதையும் எழுதாதே" என்றான்.

மாடிப்படி இறங்கும்போது கத்திரிக்கு மனசு இரண்டாகக் கிடந்தது. காசு கொடுத்தான் என்பது பொய். அதைப் போட முடியாது. அன்று மத்தியானம் ஆடியது அவன் இல்லை என்பது உண்மை. அதை மட்டும் போட்டால், யார் ஆடினார்கள் என்று ஊர் கேட்கும். அந்தம்மாளை நடுத்தெருவில் நிறுத்த வேண்டியிருக்கும். அவர் செய்த குற்றம் மத்தியானத்தில் விளையாடியது. இதில் வாசகனுக்குத் தெரிந்தே ஆகவேண்டியது எது? ஆளை ஆட வைத்துப் பார்க்காமல் திரையில் தெரியும் எண்ணை நம்பி அணி பொறுக்கினார்களே, அது. பேருந்து வருவதற்குள் அவ்வளவும் அவளுக்குத் தெளிந்துவிட்டது.

அறைக்குத் திரும்பியதும் அவசரம் பிடித்துக்கொண்டான்.

"என்ன சொன்னான்?"

"காசு குடுக்கல. அதுக்கு மேல உன்கிட்ட சொல்ல முடியாது, வாக்குக் குடுத்திருக்கேன். உன் கட்டுரை வராது. அணி எப்படிப் பொறுக்கறாங்கங்கறதைப் பத்தி வேற ஆள் எழுதுவாங்க, யார் பேரும் இல்லாம."

"அப்ப நான் பார்த்தது பொய்யா?"

"நீ பார்த்தது நிஜம். எழுதினது நிஜமில்ல."

"நீ போடலேன்னா போ, நானே நெட்ல போட்டுக்கறேன்."

"போடு. யாரு தடுத்தா? உன் பேர்ல போடு. அவன் போனா அந்த இடம் எனக்குத்தான்னு முதல் வரியில எழுதிட்டுப் போடு."

அவசரம் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனான். பிறகு கத்திரி நாலைந்து முறை இணையத்தில் தேடிப் பார்த்தாள். அவன் போடவே இல்லை.

அந்த வாரமே கட்டெறும்பு தானாகப் போய் விளையாட்டுத் துறை ஆசிரியரிடம் சொல்லிவிட்டான். என்ன சொன்னான், எவ்வளவு சொன்னான் என்பது அவர்கள் இருவருக்கும்தான் தெரியும். அணியில் அவன் இடம் காலியானது. அவசரம் உள்ளே போனான். கல்லூரி இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியது. அவசரம் கோட்டைச் சுவரை விட்டு முன்னாலேயே பாய்ந்து, முதல் ஆளாக விழுந்தானாம். அதைப் பத்திரிகையில் எழுதச் சொல்லி அவனே வந்து கேட்டான். முகத்தில் கொஞ்சம் அசடு வழிந்தது. எழுதினார்கள், அவன் சம்மதத்தோடு.

கத்திரிக்கு ஒரே ஒரு ஆசை மட்டும் அடங்கவில்லை. மத்தியான வேளையில் வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கோட்டை காக்கும் ஒரு அம்மா. இந்தப் பத்திரிகைக்கு இதைவிட நல்ல விஷயம் இனிக் கிடைக்குமா? மருந்துக்கடைக்கே போய், இருமல் மருந்து வாங்க நின்ற ஒரு ஆள் நகர்ந்ததும், நேராகக் கேட்டாள்.

அந்தம்மாள் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே யோசித்தார். "எனக்கென்னவோ ஆசையாத்தான் இருக்கும்மா. ஆனா அவன் இன்னும் என்கிட்ட சரியாப் பேசல. வேணாம்."

"பேரில்லாம?"

"பேரில்லாட்டியும் அவனுக்குத் தெரியுமில்ல."

கத்திரி சரி என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வீடு வரைக்கும் நொந்துகொண்டே நடந்தாள். இதழ் அதில்லாமலே வெளிவந்தது. அணித் தேர்வு பற்றிய கட்டுரையைச் சிலர் படித்தார்கள், பலர் படிக்கவில்லை. அடுத்த வருடம் முதல் ஆட வைத்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்று விளையாட்டுத் துறை பலகையில் ஒட்டினார்கள்.

கல்லூரி திறந்து சில வாரம் கழித்து, கேன்டீன் வரிசையில் கட்டெறும்பு அவளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"எங்க அம்மாகிட்ட கேட்டியாமே."

"கேட்டேன். வேணாம்னாங்க, விட்டுட்டேன்."

"நல்லவேளை."

வரிசை நகர்ந்தது. சும்மா நிற்க அவனால் முடியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அந்த அக்கவுண்ட தொடமாட்டேன்னுட்டாங்க. சொந்தமா ஒண்ணு ஆரம்பிச்சு அடிமட்டத்துலருந்து ஆடறாங்க. இப்ப எந்த ரேங்க்ல இருக்காங்க தெரியுமா?"

"எதுல?"

அவன் சொன்னான். கத்திரி கையில் வாங்கிய டீயைச் சிந்திவிட்டாள்.

"நேத்து மட்டும் பாரு, தனி ஆளா நின்னு... இரு, இங்க உக்காரு, சொல்றேன்" என்று அவளை மேசைக்கு இழுத்துப்போனான். உட்கார்ந்ததும் விரலை நீட்டி, "எழுதக்கூடாது, சொல்லிட்டேன்" என்றான்.

"மாட்டேன். சொல்லு."

உப்புக் கிண்ணத்தைக் கோட்டையாகவும் டம்ளர்களை எதிரிகளாகவும் நிறுத்தி வைத்து அவன் சொல்ல ஆரம்பித்தான்.