எண்ணப்படாத கை

கரட்டுப்பாளையம் பஞ்சாயத்து போர்டுக் கூட்டத்தில், 1934ஆம் வருஷம் ஆடி மாதம், ஆட்சேபணை தெரிவிப்பதற்காக நெசவாளி வீரபாகு தூக்கிய வலது கை, அடுத்த எட்டு வருஷங்களுக்கு மேல் கீழே இறங்கவில்லை. அந்த வருஷம் ராகி சுமாராக விளைந்தது. கடலைக்காய் நல்ல விலைக்குப் போனது. புதுச்சத்திரத்திலிருந்து ராசிபுரம் போகும் வழியில் ஒரு கரட்டின் அடிவாரத்தில் கிடக்கும் இந்த ஊரின் பெயர் வெளியூர்க்காரர் காதில் விழுந்ததற்கே அந்தக் கைதான் காரணம் என்றாலும், ஊர்க்காரர்கள் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. கேட்டால், "ஆமாங்க, இருந்துச்சு" என்பார்கள். கடலைக்காய் விலையைப் பற்றித்தான் விரிவாகப் பேசுவார்கள்.

விஷயம் ஒரு ரைஸ் மில்லில் தொடங்கியது. நூறு ஏக்கர் தோட்டத்துக்காரர் வெள்ளியங்கிரி, நெசவாளர் தெருவின் மேற்குப் பக்கம் தமக்கிருந்த மனையில் நீராவி இஞ்சின் வைத்து மில் நடத்த அனுமதி கேட்டு போர்டுக்கு எழுதிப் போட்டார். சட்டப்படி அதைத் தண்டோராப் போட்டு ஊருக்குச் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் கூட்டத்துக்கு வந்து தங்கள் ஆட்சேபணையைத் தெரிவிக்கலாம், போர்டு அதைக் கேட்ட பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். நல்ல சட்டம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த மனைக்கும் தெருவுக்கும் நடுவே இருந்தது பாவடி. தெருவிலுள்ள அத்தனை தறிகளுக்கும் அந்தப் பொட்டலில்தான் பாவு விரிப்பார்கள். விடிவதற்கு முன்பே நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழையோடு இழை ஒட்டாமல் தேய்த்து, இளவெயிலில் உலர்த்துவார்கள். மில் இஞ்சினுக்கு உமிதான் தீனி. உமிக்கரி பறந்து வந்து ஈரப் பாவில் விழுந்தால் விழுந்ததுதான், எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. கரி விழுந்த வேட்டியைச் சேலத்து வியாபாரி முகத்தில் விட்டெறிவான். போதாக்குறைக்கு ஆடிக்காற்று மேற்கேயிருந்துதான் வீசும்.

தெருவே கொதித்தது. கூட்டத்துக்கு முந்தின நாள் முருகன் கோயிலில் எல்லா ஆண்களும் கூடி, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள், நாளைக்கு ஒரு கை பாக்கியில்லாமல் தூக்குவதென்று. வீரபாகுவும் செய்துவிட்டு வந்தான். அவன் மனைவி முத்தாயம்மாள் அந்தச் சத்தியத்தை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தெருவில் பிறந்து அந்தத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள் அவள். மறுநாள் காலையில் அவனுக்குக் கூழ் ஊற்றும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "எல்லாரும் தூக்கட்டுமுங்க. அப்பறமா நீங்க தூக்குங்க." சரியென்று தலையாட்டிவிட்டுப் போனவன் அங்கே போய் முதல் ஆளாகத் தூக்கினான். போர்டு ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே மற்றப் பெண்களோடு நின்றிருந்த முத்தாயம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவனுக்குப் பின்னால் நாலைந்து கைகள் எழத்தான் செய்தன. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த வெள்ளியங்கிரி கோபித்துக்கொள்ளவில்லை, முறைக்கவுமில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்து நலம் விசாரித்தார். "தோள்ல நோவுங்களா மணியா? எண்ணெ போட்டு உருவச் சொல்றதுதானுங்களே" என்று அவர் கேட்டதும் மணியனின் கை அப்படியே வளைந்து தலைப்பாகையைச் சரிசெய்தது. அடுத்தவனுக்குப் பிடரியில் அரிப்பெடுத்தது. இன்னொருவன் கொட்டாவி விடும் சாக்கில் சோம்பல் முறித்துக்கொண்டான். வீரபாகுவை மட்டும் வெள்ளியங்கிரி ஒன்றும் கேட்கவில்லை. போர்டுத் தலைவர் சுவாமிநாதன் ஒற்றையாக நின்ற அந்தக் கையைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு வெள்ளியங்கிரியைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. கை எண்ணுறதை அடுத்த கூட்டத்துல வச்சுக்கலாம்" என்று எழுந்து போனார். வீரபாகு கையை இறக்கப் பார்த்தான். அது இறங்கவில்லை. ஆபீஸ் வாசல்படியில் பக்கவாட்டில் சாய்ந்துதான் வெளியே வந்தான்.

அடுத்த கூட்டத்தில் போர்டு முடிவைச் சொன்னது. ஆட்சேபணைகள் எண்ணப்படவில்லை, எண்ணப்படாததால் ஆட்சேபணை எதுவும் பதிவாகவில்லை, பதிவாகாததால் இல்லை, இல்லாததால் அனுமதி. தைப்பொங்கலுக்கு மில் ஓடத் தொடங்கியது. பொங்கல் பானையிலேயே கரி விழுந்தது. தெருக்காரர்கள் கொஞ்ச நாள் மண்ணை வாரித் தூற்றிவிட்டு, கரி பட்டால் தெரியாத கருநீலச் சேலைகள் நெய்வதற்கு மாறிக்கொண்டார்கள். கிடைத்த காசு குறைந்தாலும் பாவடி மிச்சமிருந்தது.

கையோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்பதை முத்தாயம்மாள்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குள் அவன் நிமிர்ந்து நிற்பதற்காகக் கூரையில் ஓட்டைப் பிரித்து ஒரு துவாரம் விட்டாள். மழை நாளில் அவன் கை மட்டும் வெளியே நனையும், தண்ணீர் அதன் வழியே இறங்கி வீட்டுக்குள் வரும். சட்டையை விலாப்பக்கம் பிரித்து முடிச்சுப் போட்டாள். வலது கையால் கயிற்றை இழுத்து, ஊடை நூல் சுமந்து குறுக்கே ஓடும் நாடாவை ஓட்ட வேண்டிய தறியில் அவனுக்கு இனி வேலையில்லை என்றானதும், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவளே தறிக்குழியில் இறங்கினாள். பெண்பிள்ளை தறியில் உட்காருவதா என்று தெரு இரண்டு நாள் வாயைப் பிளந்தது. மூன்றாம் நாள் வேறு பேச்சு கிடைத்தது. சேலத்து ஆசுபத்திரியில் இரண்டு ஆட்கள் அந்தக் கையைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்கள், இரண்டு பேரும் தரையில் கால் படாமல் ஆடினார்கள். டாக்டர் நகங்களைச் சோதித்துவிட்டு ரத்த ஓட்டம் நன்றாயிருப்பதாகச் சொன்னார். திரும்பும் வழியில் சூரமங்கலம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அவன் நின்றதைப் பார்த்து, புறப்பட்ட ரயிலை டிரைவர் நிறுத்திவிட்டார். அதற்கு அபராதம் போட்டார்கள். முத்தாயம்மாள் காது ஓலையைக் கழற்றிக் கொடுத்தாள்.

ஊர் அந்தக் கையை வீணாக்கவில்லை. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து சிலர், யாரோ சாமியார் கடுந்தவம் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து காலில் விழுந்தார்கள். "தவமில்லீங்க, இது ரைஸ் மில்லுக்கு ஆட்சேபணைங்க" என்று வீரபாகு விளக்கியதும், ஏமாற்றிவிட்டதாகத் திட்டி, கொண்டுவந்த வாழைப்பழத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். தெருமுனையில் விளக்குக் கம்பம் நட போர்டிடம் பணமில்லை. அதனால் பொழுது சாயும் நேரத்தில் வீரபாகு அங்கே வந்து நிற்பதென்றும், லாந்தரை அவன் கையில் மாட்டிக்கொள்வதென்றும், மண்ணெண்ணெய்ச் செலவு போர்டுடையது என்றும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். அவன் மறுக்கவில்லை. போர்டு அந்தக் கையைக் கவனித்ததே அவனுக்குத் திருப்தியாக இருந்தது, என்றைக்காவது எண்ணிவிடுவார்கள் என்று நினைத்தான். அதே வெளிச்சத்தில் மணியன் முதலானவர்கள் உட்கார்ந்து சீட்டாடினார்கள்.

மருந்து இன்னதென்று எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. யாராவது அந்தக் கையை முறைப்படி எண்ணினால் அது இறங்கிவிடும். வருஷா வருஷம் வீரபாகு போர்டுக்குப் போய் நின்றான். சுவாமிநாதன் பொறுமையாகப் பதில் சொன்னார். அவன் கை தூக்கியது கட்டப்படாத மில்லுக்கு எதிராக. மில்லைத்தான் கட்டியாகிவிட்டதே. கட்டப்படாத மில் என்று ஒன்று இப்போது இல்லாதபோது அதற்கு வந்த ஆட்சேபணையை எங்கே கொண்டுபோய் எண்ணுவது? வீரபாகுவுக்கு இதில் நியாயம் இருப்பதுபோலவும் தோன்றும், இல்லாததுபோலவும் தோன்றும். வீட்டுக்கு வந்து, "எண்ணாம எறங்காது முத்தாயி. எண்ணாம எறங்குனா அப்பறம் தூக்குனதுக்கு என்ன மருவாதி?" என்பான். அவள் அவனுக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டுவாள். அவளுக்கு அந்தக் கையைக் கண்டாலே வெறுப்பாக இருந்தது. கட்டிய புருஷன் மேல் வெறுப்பில்லை, கையின் மேல்தான். அது மெலிந்து, தோல் சுருங்கி, தோளில் புண் வைத்து நாறத் தொடங்கியிருந்தது. அவன் அவள் பக்கம் ஒருக்களித்துப் படுத்தே பல வருஷமாயிற்று. எட்டுக் கல்யாணத்துக்கு அவர்களைக் கூப்பிடவில்லை, பந்தல் இடிக்கும் என்று.

யுத்தம் வந்தது. நூலுக்குக் கட்டுப்பாடு வந்தது, நெல்லுக்குக் கிராக்கி வந்தது. வெள்ளியங்கிரி இன்னொரு இஞ்சின் வாங்கினார். நெல் காயவைக்கக் களம் போதவில்லை, பாவடியை மில்லுக்கு விட்டுவிடும்படி போர்டைக் கேட்டார். அது தெருவின் பொது இடம் என்பதால், அந்தத் தெருவாசிகளில் ஒருவராவது கூட்டத்தில் கை தூக்கிச் சம்மதிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. இங்கேதான் சிக்கல். வீரபாகுவுக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு அந்தத் தெருவில் யாரும் எதற்காகவும் கை தூக்குவதில்லை. பஸ்ஸைக்கூட வாயால் கத்தித்தான் நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த பிள்ளைகள் எழுந்து நின்றன. பணம் தருவதாகச் சொல்லியும் வெள்ளியங்கிரிக்கு ஒரு கை கிடைக்கவில்லை.

ஒரு மத்தியான வேளையில் அவர் முத்தாயம்மாளைத் தேடி வந்தார். வீரபாகு வாய்க்காலுக்குக் குளிக்கப் போயிருந்தான். அவள் தறிக்குழியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"உங்க ஊட்டுக்காரரு கையை எண்ணச் சொல்லிப் போடறனுங்க அம்மணி. அவரைக் கூட்டத்துக்குக் கூட்டியாந்தாப் போதும்."

"எதுக்குன்னு எண்ணுவீங்க?"

"பாவடியக் களத்துக்கு உடறதுக்குச் சம்மதம்னு."

"அவரு சம்மதிக்க மாட்டாருங்க."

"அவரு எதுக்குங்க அம்மணி சம்மதிக்கோணும்? கை இருந்தாப் போதுமுங்க."

அவள் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓட்டிக்கொண்டே இருந்தாள். பாவடி போனால் தெரு போய்விடும், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். கற்பூரத்தை அணைத்துவிட்டுப் பிடரியைச் சொறிந்த தெரு அது. அவன் கையில் தொங்கிய விளக்கில் சீட்டாடிய தெரு. "கூட்டியாறனுங்க" என்றாள்.

கூட்டத்தில் கையை எண்ணப்போகிறார்கள் என்று மட்டும் அவனிடம் சொன்னாள். வீரபாகு பச்சைப்பிள்ளை மாதிரி அழுதுவிட்டான். அவள் அவனுக்கு வெந்நீர் வைத்து, அந்தக் கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்து, துவைத்த வேட்டி கட்டிவிட்டாள். போகும் வழியெல்லாம், இத்தனை வருஷம் கழித்து மில்லை எப்படி இடிப்பார்கள், கல்லையும் இஞ்சினையும் எங்கே கொண்டுபோய்ப் போடுவார்கள் என்று பேசிக்கொண்டே வந்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே பழைய இடத்தில் நின்றாள்.

"பாவடியை மில் களத்துக்கு விடுவதை ஆதரிக்கிற தெருவாசிகள் கை தூக்கலாம்" என்றார் சுவாமிநாதன். சபை முழுவதும் வீரபாகு பக்கம் திரும்பியது. அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்தான், தன் முழுப் பாரத்தையும் போட்டு அதிலேயே தொங்கினான். கை அசையவில்லை. "இது ஆட்சேபணைங்க! மில்லு வேண்டாம்னு தூக்குனதுங்க! எல்லாருக்கும் தெரியுமுங்களே! மணியா, நீ சொல்லேன்டா!" என்று கத்தினான். மணியன் தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். "பேசுறதுக்கெல்லாம் அப்பறம் நேரம் தர்றேன். இப்ப கைதான் கணக்கு" என்ற சுவாமிநாதன், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரலை நீட்டி, "ஒன்று" என்றார். கை பொத்தென்று விழுந்தது. "எதிர்ப்பவர்கள்?" என்று கேட்டார். வீரபாகு அதைத் தூக்க முயன்றான். வியர்த்து ஊற்றியது, நரம்பு புடைத்தது, கை மடியைவிட்டு எழும்பவில்லை. இடது கையைத் தூக்கினான். ஒரு ஆளுக்கு ஒரு கைதான், உன் கையை எண்ணியாகிவிட்டது என்று தலைவர் தயவாகவே சொன்னார். தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. வீரபாகு ஜன்னலைப் பார்த்தான். முத்தாயம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"தெரிஞ்சுதானே கூட்டியாந்தே?" என்று வீட்டுக்கு வந்த பிறகு கேட்டான்.

"ஆமாங்க."

அவன் சோற்றுக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். அடிப்பான் என்று அவள் நினைத்தாள், அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் வாயைத் திறந்தான், அவள் பிசைந்து ஊட்டினாள். பழைய வழக்கம். கூரைத் துவாரத்தை மறுநாள் அவளே ஏறி ஓடு போட்டு மூடினாள்.

பங்குனிக்குள் பாவடியைச் சாணம் போட்டு மெழுகி நெல் பரப்பிவிட்டார்கள். தெருவில் பாதிப்பேர் குமாரபாளையத்துக்குப் போனார்கள், மீதிப்பேர் மில்லில் மூட்டை தூக்கினார்கள். தெருமுனைக்குக் கம்பம் நட வேண்டியதாகிவிட்டதே என்று போர்டு அலுத்துக்கொண்டது. எண்ணெய் தேய்த்து உருவ உருவ வீரபாகுவின் கைக்கு மெல்ல உயிர் வந்தது, ஆனால் தறிக்கு ஆகவில்லை. வெள்ளியங்கிரி இரக்கப்பட்டுக் களத்தில் காக்காய் விரட்டும் வேலை கொடுத்தார். காக்காய் இறங்கும்போதெல்லாம் வீரபாகு கையைத் தூக்குவான், காக்காய் பறந்ததும் இறக்குவான். கை சொன்னபடி கேட்டது. களத்தோரம் நெல் புடைக்கும் பெண்களோடு முத்தாயம்மாளும் இருந்தாள். ஒவ்வொரு முறை அது மேலே போகும்போதும் அவள் கையில் முறம் நின்றுவிடும். அது இறங்கும்வரை அவளால் புடைக்க முடிவதில்லை. கங்காணி திட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாளில் விட்டுவிட்டான்.