பச்சை நாக்கு

நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் என் மைத்துனன் ஒரே பதில்தான் சொல்வான். "ஒரு பெரிய வயித்துக்காரனுக்கு மாத்திரை போடுறோம் அண்ணே. அவனுக்கு கேஸ் தொல்லை." கேட்டவர் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் நிற்பார்.

அவன் சொன்னது பொய்யில்லை. ரசாயன ஆலையின் நடுவே மூன்று மாடி உயரத்துக்கு ஒரு இரும்புப் பானை நிற்கிறது. ரியாக்டர் என்பார்கள். அதற்குள் கட்டைவிரல் மட்டும் நுழைகிற அகலத்தில் ஆயிரக்கணக்கான குழாய்கள் நெட்டுக்குத்தாக நிற்கும். அடுப்புச் சிலிண்டரில் இருக்கிற வாயுவின் இனத்தைச் சேர்ந்த ஒரு வாயுவைக் காற்றோடு கலந்து மேலிருந்து விடுவார்கள். குழாய்களுக்குள் நிரப்பியிருக்கும் மாத்திரைகளை உரசிக்கொண்டு இறங்கும்போது அந்த வாயு வேறொன்றாக மாறிவிடும். கீழே வந்ததைக் குளிரவைத்தால் மெழுகுபோல வெள்ளையாகக் கட்டிவிழும். தண்ணீர்த் தொட்டி, படகு, பெயின்ட் எல்லாம் அதிலிருந்துதான் என்கிறார்கள். நான் பார்த்ததில்லை. நான் பார்த்தது மாத்திரையை மட்டும்தான்.

சோளமணி அளவு, நடுவில் ஓட்டை, சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். வாயுவை மாற்றிவிடும், தான் மாறாது என்பார் எஞ்சினியர். ஆனால் சில வருடங்களில் அதுவும் ஓய்ந்துபோகும். அப்போது ஆலையை நிறுத்தி, பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதைப் போட ஒப்பந்தக்காரர் எங்களைக் கூட்டிக்கொண்டு போவார். பானையின் மூடியைக் கழற்றிவிட்டால் உள்ளே சல்லடை போல ஒரு பெரிய தட்டு. அதன்மேல் பலகை போட்டு வரிசையாக உட்கார்ந்து, புனல் வைத்து, குழாய் குழாயாக ஊற்ற வேண்டும்.

ஊற்றுவதில்தான் இருக்கிறது சங்கதி. அவசரப்பட்டால் மாத்திரைகள் ஒன்றையொன்று முட்டிப் பாதிவழியில் பாலம் கட்டிக்கொண்டு நின்றுவிடும். அதற்குக் கீழே வெறும் குழாய். எல்லாக் குழாயிலும் ஒரே சீராக இருந்தால்தான் வாயு ஒரே சீராக இறங்கும். ஒன்றில் கோளாறு என்றால் அந்தக் குழாய் கொதித்துப்போகும். கடைசியில் காற்றடித்துச் சோதிப்பார்கள். தேறாத குழாய்க்கு மஞ்சள் மூடி. மஞ்சள் மூடி விழுந்தால் எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும்.

ஒவ்வொரு குழாய்க்கும் ஒரே அளவு நேரம் எடுத்து ஊற்ற வேண்டும், ஆனால் நேரம் பார்க்க உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். கடிகாரம் மாட்டிப் பார்த்தோம். கடிகாரத்தைப் பார்த்தால் புனல் தவறியது, புனலைப் பார்த்தால் கடிகாரம் தவறியது. ஒருநாள் என் மைத்துனன் தன்பாட்டுக்கு ஏதோ ஒரு மெட்டை விசிலடித்துக்கொண்டு ஊற்றினான். மெட்டு முடியும்போது குழாய் நிறைந்திருந்தது. அடுத்ததும் அப்படியே. பக்கத்தில் இருந்தவர்களும் அந்த மெட்டுக்கு ஊற்றினார்கள். அன்றைக்கு எங்கள் வரிசைகளில் ஒரு மஞ்சள் மூடிகூட விழவில்லை. அதிலிருந்து அவனுக்கு விசில் என்றே பெயர். சூப்பர்வைசரே "விசில் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆள் இறக்குவார்.

ஆனால் முகமூடியை மாட்டிக்கொண்டு விசிலடிக்க முடியாது. நாங்கள் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு ஊற்றினோம். அவன் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு, வாயைக் குவித்துக்கொண்டு, எங்களுக்கெல்லாம் சேர்த்து அந்தத் தூசியைக் குடித்தான்.

அந்தத் தூசி நாக்கைப் பச்சையாக்கும். எங்களுக்குக் கொஞ்சம், அவனுக்கு நிறைய. முதலில் எல்லாருக்கும் அது வேடிக்கை. எங்கள் கூட்டத்தில் தொப்பி என்று ஒருவன், வழுக்கையை மறைக்க எந்நேரமும் தொப்பி போட்டிருப்பவன், "மாட்டுக்குப் போட்ட புல்லையெல்லாம் நீதான் தின்னியாடா?" என்பான். விசிலும் நாக்கை நீட்டிக்காட்டுவான்.

ஆலை வாசலில் ஒரு மருத்துவ அறை. வாரத்தில் ஒருநாள் கம்பவுண்டர் எங்கள் நாக்கைப் பார்ப்பார். பச்சை ஏறியிருந்தால் தூசி நெஞ்சுக்குள் போயிருக்கிறது என்று கணக்கு; உள்ளே விடுகிற வாசல் அட்டையை வாங்கிக்கொண்டு, ஓய்வெடுத்துக்கொள் என்று அனுப்பிவிடுவார்கள். ஓய்வு என்றால் வேலை இல்லை, அவ்வளவுதான். அதனால் சோதனை நாளில் எல்லார் சட்டைப்பையிலும் சிவப்பு மிட்டாய் இருக்கும். வரிசையில் நிற்கும்போதே வாயில் போட்டு உருட்டுவோம். கம்பவுண்டருக்குத் தெரியாமல் இல்லை. "வயசான காலத்துல எல்லாருக்கும் மிட்டாய் ஆசையைப் பாரு" என்று சொல்லிவிட்டு முத்திரை குத்துவார். ஆள் குறைந்தால் ஒப்பந்தக்காரர் கத்துவார் என்று அவருக்கும் தெரியும்.

விசில் எங்கள் வீட்டில்தான் இருந்தான். அவன் மனைவி பிரிந்துபோய் ரொம்ப நாளாயிற்று. என் மனைவிக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். நாங்கள் இருப்பது மாடியில். முன்பெல்லாம் இரண்டிரண்டு படியாகத் தாவி வருவான். அப்புறம் ஒவ்வொரு படியாக வந்தான். அப்புறம் படி திரும்புகிற இடத்தில், கதவைப் பூட்டினேனா என்று யோசிக்கிறவன் மாதிரி நிற்க ஆரம்பித்தான்.

ஒருநாள் துணியைக் காயப்போட்டுக்கொண்டே என் மனைவி கேட்டாள். "உங்களுக்குக் காது கேக்குதா இல்லையா? அவன் தூங்குறப்போ நெஞ்சு எப்படி ரம்பம் மாதிரி அறுக்குதுன்னு கேட்டிருக்கீங்களா?"

"சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்கிறான்."

"நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க? நீங்கதான் வெளிய கொண்டுவரணும்." நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

அவனிடம் பேசினேன். "போதும்டா மச்சான். வேற வேலை பாப்போம்."

"இந்த ஒரு தடவை மட்டும் மாமா. இது நல்லபடியா முடிஞ்சா என்னை, பானைக்குக் காத்து அனுப்புற ஊதுகாத்து மிஷின் ரூமுக்கு எடுத்துக்கிறேன்னு சூப்பர்வைசர் வாக்குக் குடுத்திருக்காரு. நிரந்தர வேலை. நாற்காலி, மின்விசிறி. நீ வந்து எனக்கு சலாம் வைக்கணும்."

"அதுவரைக்கும் மூச்சு இருக்குமாடா?"

"உனக்கு எப்பவுமே வாயில நல்ல வார்த்தை வராதா?" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. முடிவதற்குள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது.

பானையில் பாதிக்கு மேல் நிரப்பியாயிற்று. அப்போது ஒருநாள் மெட்டு நடுவில் அறுந்தது. மறுபடி எடுத்தான். மறுபடி அறுந்தது. தொப்பி, "என்னடா, நெஞ்சுக்குள்ளயே ஒரு விசில் வெச்சிருக்கே, அதை ஊது" என்றான். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். மெட்டு அறுந்த இடத்தில் எல்லார் கையும் தடுமாறியது. சாயங்காலம் காற்றடித்துப் பார்த்தபோது தட்டு முழுக்க மஞ்சள், பூந்தோட்டம் மாதிரி. சூப்பர்வைசர் மேலே நின்று கத்தினார். "விசிலு, என்னய்யா ஆச்சு உனக்கு? நாளைக்கு ஒழுங்கா ஊது!"

அவன் பதில் சொல்ல எழுந்தான். எழுந்தவன் அப்படியே முழங்காலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தட்டில் ஊன்றிக்கொண்டு, கரையில் போட்ட மீன் போல வாயைத் திறந்து திறந்து மூடினான். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு முதல் வேலையாகக் கீழே சிந்திக்கிடந்த மாத்திரைகளைப் பொறுக்கினான். பொறுக்கிக்கொண்டே, "ஊதுறேன் சார். நாளைக்கு ஊதிடுறேன்" என்றான்.

 இவனைச் சொல்லி வெளியே கொண்டுவர முடியாது, தள்ளித்தான் கொண்டுவர வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

மறுநாள் நாக்குச் சோதனை. எனக்கு முன்னால் அவன். வாயெல்லாம் சிவப்பு. கம்பவுண்டர் முத்திரையைத் தூக்கிவிட்டார்.

"ஐயா, இவனைக் கொப்பளிக்கச் சொல்லிட்டுப் பாருங்க" என்றேன்.

வரிசையில் மிட்டாய் உருட்டிக்கொண்டிருந்த வாய்களெல்லாம் நின்றன. கம்பவுண்டர் என்னைத் தனியாக ஒரு பார்வை பார்த்தார். "யோசிச்சுத்தான் பேசுறியா?"

"யோசிச்சுத்தான் ஐயா."

"அப்ப உன்னையும் கொப்பளிக்கச் சொல்லவா?"

"அவனை மட்டும் பாருங்க. ஓய்வு குடுத்து, வாசல் காவலுக்கு, தோட்டத்துக்கு, எங்கேயாவது உக்காருற வேலைக்கு எழுதுங்க. போன தடவை ஒருத்தனுக்கு எழுதினீங்களே."

விசில் திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவன் தன் பையில் கைவிட்டதைப் பார்த்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. தம்ளரை வாங்கிக் கொப்பளித்துத் துப்பினான். தொட்டியில் சிவப்புத் தண்ணீர் ஓடியது. நாக்கை நீட்டினான். கம்பவுண்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். எத்தனையோ நாக்கு பார்த்த மனிதர். அவரே கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். பாசி பிடித்த கல் மாதிரி இருந்தது.

அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஊதுகாற்று மிஷின் அறைக்கு வேறு யாரையோ போட்டார்கள். வாசல் காவல் எல்லாம் வெறும் பேச்சாகப் போயிற்று.

எங்கள் கூட்டம் என்னோடு பேசுவதை விட்டது. பலகையில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் நகர்ந்து உட்காருவான். விசில் இல்லாமல் மஞ்சள் மூடிகளோடு மல்லுக்கட்டி எப்படியோ வேலையை முடித்தோம். என் மனைவி மட்டும் அந்த நாட்களில் எனக்குத் தட்டு வைக்கும்போது இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொல்வாள். அவன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றாலும் வீட்டில் இருந்தான். தூங்கினான். அறுப்புச் சத்தம் குறைந்தது. ஒருநாள் கடைக்குப் போய்விட்டு, படி திரும்புகிற இடத்தில் நிற்காமலே மேலே வந்துவிட்டான். அவள் அடுப்பை விட்டுவிட்டு வந்து, "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று என் கையைப் பிடித்தாள். நான் செய்தது சரி என்று அந்த ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெம்பு வந்ததும் வேலை தேடக் கிளம்பினான். ஒவ்வொரு ஆலை வாசலிலும் ஒரு கம்ப்யூட்டர். எல்லா ஆலைக்கும் ஒரே பதிவாம்; பெயரைத் தட்டினால் நாக்கு சங்கதி வந்துவிடுகிறது. கிடங்குக்குப் போனான், வேண்டாம் என்றார்கள். தண்ணீர்த் தொட்டி செய்கிற இடத்துக்குப் போனான், நெஞ்சு சரியில்லாதவனை எடுத்து நாங்கள் மாட்டிக்கொள்ளவா என்றார்கள். பிறகு ஒரு காலையில் பையோடு போனான். மத்தியானம் அக்காவுக்குப் போன் பண்ணி வேலை கிடைத்துவிட்டது, தங்க இடமும் தருகிறார்கள் என்றான். என்ன இடம் என்று கேட்டதற்கு, "மாமாவுக்குத் தெரிஞ்ச சரக்குதான்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

மாத்திரையையே செய்கிற இடம் அது.

கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று என் மனைவி சொல்லி அனுப்ப, விடுமுறையில் பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்தேன். ஒரு நீளமான தகரக் கொட்டகை. ஒரு பக்கம் பொடி அரைக்கிறார்கள், இன்னொரு பக்கம் அழுத்தி மாத்திரையாக்குகிறார்கள். நாங்கள் குழாயில் ஊற்றும்போது எழும்புவது தூசி. இங்கே இருப்பது தூசி இல்லை, காற்றே அதுதான். அவன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து உடைந்த மாத்திரைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். புருவம் வரைக்கும் பச்சைப் பொடி.

"வா மாமா" என்றான். எத்தனையோ நாளைக்கப்புறம் என்னிடம் பேசினான். "உக்காந்து பாக்குற வேலை வேணும்னியே. உக்காந்துட்டேன் பாரு."

"இங்க வாசல்ல யாரும் நாக்கைப் பாக்கலையாடா?"

"முதலாளி நாக்கே பச்சை. யாரை யாரு பாக்குறது?"

சிரித்தான். சிரிப்புக்கும் மூச்சுக்கும் நடுவில் தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. வீட்டுக்கு வா என்றேன். வந்து என்ன பண்ணுவது என்றான். நான் சம்பாதிக்கிறேன், நீ சும்மா இரு என்றேன்.  கொஞ்ச நேரம் பொறுக்கினான். அப்புறம் குரலை இறக்கி, "மாமா, கம்பவுண்டர்கிட்ட சொல்லி அதை அழிக்கச் சொல்லேன். நம்ம பானைக்கே வந்துடுறேன். அங்க மேல திறந்திருக்கும், கொஞ்சம் காத்தாவது வரும்" என்றான்.

அங்கிருந்து நேராகக் கம்பவுண்டரைப் பார்க்கப் பஸ் ஏறினேன். எந்தத் தூசியிலிருந்து அவனைப் பிடுங்கி எடுத்தேனோ அந்தத் தூசிக்கே அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கேட்கப் போய்க்கொண்டிருந்தேன். அது அவனுக்கு மேலான இடமாகிவிட்டது.

கம்பவுண்டர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நல்ல மனிதர்தான். "நான் எழுதினது மேல போயிடுச்சுப்பா. என் கையில இருந்தா இப்பவே அழிச்சிடுவேன்" என்றார்.

"ஏதாவது வழி சொல்லுங்க ஐயா."

"கண்ணை மூடிக்கிட்டு முத்திரை குத்துறது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச வழி. அன்னைக்கு நீ அதை வேண்டாம்னுட்டே." குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார்.

வீட்டுப் படியில் ஏறும்போதே தெரிந்தது, கூடத்தில் ஏதோ நகர்த்துகிற சத்தம். அவள் கட்டிலை உள்ளறையிலிருந்து இழுத்து ஜன்னலுக்குக் கீழே போட்டிருந்தாள். புது விரிப்பு. தலைப்பக்கம் உயரமாக இரண்டு தலையணை, மூச்சுக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம்.

என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "கீழ நிக்கிறானா? மெதுவா வரச் சொல்லுங்க, அவசரம் இல்ல."

நான் செருப்பைக் கழற்றாமல் நின்றேன். அவள் கதவைத் தாண்டிப் போய்ப் படியின் விளிம்பில் நின்று, "தம்பி" என்று ஒருமுறை கூப்பிட்டாள். கீழ்வீட்டுக்காரர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவள் திரும்பி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். என்னிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.