பஸ்லினா மூடிய புத்தகம்

கடுகண்ணாவையில் ரயிலேறினால் கண்டியில் இறங்கும்வரை கலாராணி புத்தகத்தை விட்டு நிமிரமாட்டாள். கண்டியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. போன பெப்ரவரியில் ஒரு புது நாவல் அவளை விழுங்கிவிட்டது. மலை உச்சியில் ஒரு வீடு, முப்பது வருடமாகப் பேசிக்கொள்ளாத அக்காவும் தங்கையும். முடித்த கையோடு யாரிடமாவது கொடுக்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது.

எதிர் ஆசனத்தில் தினமும் உட்காரும் பஸ்லினாவிடம் நீட்டினாள். பஸ்லினா நகரத்தில் ஒரு தையல் நிலையத்தில் வேலை செய்பவள்.

"எனக்கு வாசிப்பு சரிவராது, கலாக்கா."

"பத்துப் பக்கம் வாசிங்க. அப்புறம் அது உங்கள விடாது. புடிக்கலன்னா என்னைய ஏசுங்க."

நான்கு நாள் மறுத்தவள், ஐந்தாம் நாள் முகதாட்சணியத்துக்காக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த திங்கள் பஸ்லினா வரவில்லை. வாரம் முழுக்க வரவில்லை, போனும் எடுக்கவில்லை. சனிக்கிழமை பின்னேரம் கலாராணி அவள் வீட்டைத் தேடிப் போனாள்.

கதவைத் திறந்தவளின் வலது காலில் கட்டு. உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டாள். மேசையில் நாவல், பத்திரிகைத்தாளில் சுற்றி நூலால் கட்டியபடி கிடந்தது.

"புடிக்கலையா?"

"நல்லாப் புடிச்சிச்சி. அதுதான் பயம்."

பஸ்லினா மகனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். ஹுதைபாவுக்கு ஐந்து வயது. அவன் தூங்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் பேசினாள்.

"எனக்கு பதினொரு வயசு. தம்பி ஸிபானுக்கு அஞ்சு. மகாவலி ஆத்துல உம்மா உடுப்புக் கழுவப் போகக்குள்ள, எங்கள கரையில உட்டுட்டு, அவனப் பாத்துக்கோ எண்டு செல்லிட்டுப் போனா. என்ட கையில ஒரு கதைப் புத்தகம். 'தாத்தா, தாத்தா'ண்டு ரெண்டு தரம் கூப்பிட்டான்."

அக்காவை அவர்கள் தாத்தா என்றுதான் அழைப்பார்கள்.

"கேக்கலையா உங்களுக்கு?"

"கேட்டிச்சி. இந்தப் பக்கத்த முடிச்சிட்டுப் போவமெண்டு நெனச்சேன். பக்கம் முடிஞ்சி பாத்தா தண்ணி மட்டும்தான் ஈந்திச்சி."

அன்றிலிருந்து இருபத்தேழு வருடம் அவள் கதைப் புத்தகம் எதையும் தொட்டதில்லை. போன ஞாயிறு கணவன் வெளியே போயிருந்த நேரம், பத்துப் பக்கம் என்று தொடங்கினாள். பத்து நூறானது. அடுப்பில் தேத்தண்ணி வற்றிக் கருகியது தெரியவில்லை. நிமிர்ந்தபோது வாசற்கதவு திறந்து கிடந்தது, மகனைக் காணவில்லை. செருப்பில்லாமல் ரோட்டில் ஓடினாள். உடைந்த போத்தல் ஓடு காலைக் கிழித்தது. பிள்ளை பக்கத்து வீட்டில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

"அல்லாஹ் காப்பாத்தினான். ஆனா ரோட்டுல நான் கத்தினது ஹுதைபாண்டு இல்ல, கலாக்கா. ஸிபான், ஸிபான்ண்டு. எல்லாரும் கேட்டாங்க. இவனும் கேட்டான், ஆரு உம்மா ஸிபான்ண்டு. நான் வாய் தொறக்கல்ல." அவள் குரல் தணிந்தது. "மத்த நாள் காலையில அவனே செல்றான், 'ஸிபானுக்குக் குளிருதாம், உம்மா'ண்டு."

கலாராணி தூங்கும் பிள்ளையைப் பார்த்தாள். "யாராச்சும் சொல்லியிருப்பாங்க."

"ஆரு செல்ற? தம்பி தண்ணியில போனது என்ட மாப்புளைக்கே தெரியாது."

கலாராணி புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பஸ்லினா அவள் கையைப் பிடித்தாள்.

"முடிவ மட்டும் செல்லிட்டுப் போங்க. அந்தத் தங்கச்சி மன்னிக்கிறாளா?"

கலாராணி மறுபடி உட்கார்ந்து மிச்சக் கதையை வாயால் சொன்னாள். தங்கை இறந்த பிறகுதான் அக்கா அவள் அறைக்குள் போகிறாள் என்றாள். மன்னித்தாளா என்று நாவலில் எங்கும் இல்லை.

"அப்படியா," என்றாள் பஸ்லினா.

திங்கட்கிழமை பஸ்லினா ரயிலுக்கு வந்தாள், கொஞ்சம் நொண்டியபடி. கலாராணி கையில் அன்று புத்தகம் எதுவும் இல்லை. பேராதனையில் ரயில் மகாவலி ஆற்றைக் கடந்தபோது பஸ்லினா கண்களை இறுக மூடிக்கொண்டு, இரு காதுகளையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். பாலம் முடிந்ததும் கைகளை எடுத்து, ஒன்றும் நடக்காததுபோல் முந்தானையைச் சரிசெய்தாள்.

"எப்பயிருந்து இப்படி?" என்று கேட்டாள் கலாராணி.

"ரெண்டு வருஷமா ஒங்களுக்கு முன்னாலதானே ஈக்கிறேன், கலாக்கா," என்றாள் பஸ்லினா.